ஒசேர்: ஒரு சிறுநகரக் கால்பந்துக் கழகத்தின் கதை

பாரிசுக்குத் தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டரில், யோன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஒசேர். மக்கள்தொகை ஏறத்தாழ 35,000. பக்கத்திலேயே ஷாப்லி வெள்ளை ஒயினுக்குப் பேர்போன திராட்சைத் தோட்டங்கள். சுற்றிலும் கோதுமை வயல்கள், கோழிப்பண்ணைகள். பெரிய ஆலைகளோ பல்லாயிரம் தொழிலாளர் குடியிருப்புகளோ இங்கே இல்லை. அந்த ஊரின் கால்பந்து மைதானத்தில் 18,000 பேருக்கு மேல் உட்காரலாம்; அதாவது நகரத்தில் பாதிப் பேருக்கு இடம் உண்டு. ஊர்ப்பெயரையே தாங்கிய அதன் கழகம் 1980 முதல் 2012 வரை 32 சீசன்கள் இடைவிடாமல் பிரான்சின் முதல் பிரிவில் ஆடியது. ஒருமுறை நாட்டின் சாம்பியன் ஆனது. பிரெஞ்சுக் கோப்பையை 1994, 1996, 2003, 2005 என்று நான்கு முறை வென்றது. லியோன், மார்செய், போர்தோ போன்ற பெருநகரங்களின் கழகங்களோடு சரிக்குச் சமமாக நின்ற இந்த வரலாற்றைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் பலகாலம் அதிசயமாகவே எழுதிவந்தன. அதிசயம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கணக்குப் பார்க்கும் வேலை மிச்சம். ஆனால் இந்தக் கதை முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகத்தின் கதைதான்.

கழகத்தைத் தொடங்கியவர் எர்னஸ்ட் தேஷாம் என்ற கத்தோலிக்கக் குரு. தொடங்கிய நாள் 1905 டிசம்பர் 29. அந்த மாதம் 9ஆம் தேதிதான் பிரான்சில் திருச்சபையையும் அரசையும் பிரிக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. பள்ளிக்கூடங்களில் குருமார்களின் பிடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இப்போது ஆலயக் கட்டடங்களின் உரிமையும் கைமாறும் நிலை. இளைஞர்களைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கோயிலுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்று நாடெங்கும் பங்குக் குருக்கள் உணர்ந்த காலம் அது. 1901ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் அதற்கு வழி தந்தது. அந்தச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் சங்கம் பதிவுசெய்யலாம், சொத்தும் வைத்துக்கொள்ளலாம். தேஷாம் பதிவுசெய்தது ஒசேர் இளைஞர் சங்கம். உடற்பயிற்சி, இசை, நாடகம், விளையாட்டு என்று பங்குச் சங்கங்களில் நடந்தவற்றில் கால்பந்தும் ஒன்று.

இதே ஊரில் சமயச் சார்பற்றவர்களுக்கு ஸ்தாத் ஒசெருவா என்ற வேறொரு கழகம் இருந்தது. குருவின் அணி ஒன்று, குருவை விரும்பாதவர்களின் அணி ஒன்று என்று சிற்றூர்கள் இரண்டாகப் பிரிந்து பந்தாடியது அக்காலப் பிரான்சில் சகஜம். கத்தோலிக்கச் சங்கங்கள் தங்களுக்கென்றே தனிச் சம்மேளனம் வைத்துத் தனிப் போட்டிகள் நடத்தின. ஒசேர் இளைஞர் சங்கம் அந்த வட்டத்தில்தான் தன் முதல் ஆட்டங்களை ஆடியது.

தேஷாம் செய்த காரியங்களில் நிலைத்து நின்றது ஆட்டத்தைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. யோன் ஆற்றை ஒட்டிச் சிறுகச் சிறுக மனைகளை வாங்கிச் சேர்த்து, 1918இல் அங்கே சங்கத்துக்கென்று மைதானம் அமைத்தார். பிரான்சில் பெரும்பாலான கழகங்கள் நகராட்சி மைதானத்தில் வாடகைக்கு ஆடுபவை. கூரை மாற்றுவதானாலும் விளக்குக் கம்பம் நடுவதானாலும் மேயர் அலுவலகத்தின் தயவு வேண்டும். ஒசேரில் நிலம் சங்கத்தின் சொத்து. கையில் பணம் வந்தபோது ஒரு காலரி எழும்பும், வராதபோது நிற்கும். கடன் வாங்கும் தேவையும் இல்லை, அரசியல்வாதிக்காகக் காத்திருக்கும் தேவையும் இல்லை. 1949இல் தேஷாம் இறந்தபின் மைதானத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. உலகத்தில் முதல்தர ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் குருவானவரின் பெயர் தாங்கியவை அதிகம் இருக்க முடியாது.

1932இல் பிரான்சில் தொழில்முறைக் கால்பந்து தொடங்கியபோது ஒசேர் அதில் சேரவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் பர்கண்டி வட்டாரப் போட்டிகளிலேயே கழிந்தன. அவற்றில் சொல்லும்படி அதிகம் இல்லை.

1961இல் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் தேடினார்கள். வந்தவர் கீ ரூ. வயது 22. 1938இல் அல்சாஸ் பகுதியின் கோல்மார் நகரில் பிறந்து, ஒசேரை அடுத்த அப்புவாஞி கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். இளவயதில் இதே கழகத்தில் ஆடிவிட்டு, புவாத்தியே, லிமோஜ் ஆகிய ஊர்களின் அணிகளில் சுமாரான ஆட்டக்காரராக இருந்தவர். விண்ணப்பித்தவர்களில் மிகக் குறைந்த சம்பளம் கேட்டவர் என்பதால் எடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவரே அதை மறுத்ததில்லை. சிக்கனம் அவருக்குப் பழியாகத் தோன்றியதே இல்லை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே ஆளாகத் தொடங்கினார். இடையில் கட்டாய ராணுவ சேவைக்காக இரண்டு ஆண்டும், 2000-01 சீசனில் ஓர் ஆண்டும் விலகியிருந்தார். மற்றபடி 2005 வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

1963இல் ழான்-குளோத் அமெல் கழகத் தலைவரானார். அவர் பதவியில் இருந்தது 2009 வரை, 46 ஆண்டுகள். கால்பந்தில் பயிற்சியாளரின் சராசரி ஆயுளை மாதக் கணக்கில் எண்ணுவார்கள்; நாலு ஆட்டம் தோற்றால் தலைவர் பயிற்சியாளரை மாற்றுவார், இரண்டு சீசன் தோற்றால் உறுப்பினர்கள் தலைவரை மாற்றுவார்கள். இங்கே இரண்டு நாற்காலிகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. பதினைந்து வயதுப் பையனை எடுத்து இருபது வயதில் களமிறக்குவது என்று திட்டம் போட்டால், ஐந்தாண்டு கழித்தும் திட்டம் போட்டவர் அங்கே இருக்க வேண்டும். ஒசேரில் இருந்தார். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை எந்தப் பணக்காரக் கழகமும் விலைகொடுத்து வாங்க முடியவில்லை.

ஏறிய வேகம் மெதுவானது. 1970இல் மூன்றாம் பிரிவு, 1974இல் இரண்டாம் பிரிவு. 1979இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதிப் போட்டிவரை போனார்கள். பாரிசின் பார்க் தெ பிரான்ஸ் மைதானத்தில் நாந்த் அணியோடு மோதி, கூடுதல் நேரத்தில் 4-1 என்று தோற்றார்கள். தோல்வி தோல்விதான், ஆனால் நாடு முழுவதும் அந்த ஊரின் பெயரை அன்று கேட்டது. அரையிறுதி, இறுதி என்று நீண்ட அந்தக் கோப்பைப் பயணத்தில் வந்த பணத்தை ரூ ஆட்டக்காரர்களை வாங்கச் செலவழிக்கவில்லை. இளைஞர் பயிற்சிப் பள்ளிக்கும் ஆடுகளங்களுக்கும் அது போனது. அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, 1980இல் தொழில்முறைக் கழகமாக முதல் பிரிவில் நுழைந்தார்கள்.

நுழைந்தவர்கள் நிலைத்து நிற்க முதலில் கைகொடுத்தவர்கள் போலந்துக்காரர்கள். அன்றைய போலந்து அரசு தன் ஆட்டக்காரர்களை இளவயதில் வெளிநாட்டுக்கு விடாது. முப்பதை நெருங்கியவர்களுக்கே அனுமதி கிடைக்கும். மேற்கு ஐரோப்பாவின் பெரிய கழகங்களுக்கு முப்பது வயது என்றால் கிழம். ஆகவே விலை மலிவு. ரூ இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். 1974 உலகக் கோப்பையில் 5 கோல் அடித்த, 1976 ஒலிம்பிக்கில் கலக்கிய ஆண்ட்ஜெய் ஷார்மாக் 1980இல் ஒசேருக்கு வந்தார். ஐந்து சீசன்களில் முதல் பிரிவில் 94 கோல்கள் அடித்தார். இவருக்கு முன்பே, 1978இல், யூசெஃப் குளோசே என்ற போலந்து முன்கள வீரர் வந்திருந்தார். அவருடைய கைக்குழந்தையும் சில ஆண்டுகள் ஒசேரில் வளர்ந்தது. அந்தக் குழந்தை மிரோஸ்லாவ் குளோசே. பிற்பாடு ஜெர்மனிக்காக ஆடி, உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் என்ற சாதனை படைத்தவர். ஒசேரின் பயிற்சிப் பள்ளிக்கு அதில் பங்கில்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளாமல் விடுவதில்லை.

1982இல் முறையாகத் திறந்த பயிற்சிப் பள்ளிதான் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கழகத்தின் அடுப்பை எரியவைத்தது. அதே ஆண்டு பிரான்சின் இளைஞர் கோப்பையான கம்பார்தெல்லாவை ஒசேர் வென்றது. 1985, 1986, 1993, 1999, 2000, 2014 என்று பிறகும் ஆறு முறை வென்றது. முதல் அணி வென்ற கோப்பைகளைவிட இந்தப் பட்டியல்தான் கழகத்தைச் சரியாகக் காட்டுகிறது.

பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அபிஜானில் பிறந்து பாரிஸ் புறநகரில் வளர்ந்த பசில் போலி. தஹித்தித் தீவிலிருந்து பாஸ்கால் வாஹிருவா. மார்செயிலிருந்து எரிக் கன்டோனா. கன்டோனாவை நீஸ் கழகமும் அழைத்ததாம். அங்கே ஜெர்சி கேட்டதற்குக் காசு கேட்டார்கள், ஒசேரில் ரூ கை நிறைய ஜெர்சிகளைக் கொடுத்து அனுப்பினார், அதனால்தான் பையன் இங்கே வந்தான் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. சிக்கனக்காரர் எங்கே செலவழிக்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். 1983 நவம்பரில் நான்சி அணிக்கு எதிராகப் பதினேழு வயதில் கன்டோனா முதல் அணியில் ஆடினார். முன்கோபி. சக ஆட்டக்காரரான கோல்கீப்பர் புரூனோ மார்த்தினியையே ஒருமுறை குத்தினார். ரூ அபராதம் போட்டார், விரட்டவில்லை. 1988இல் மார்செய் அவரை 2 கோடியே 20 லட்சம் பிராங்குக்கு வாங்கியது. பிரெஞ்சுக் கழகங்களுக்குள் அதுவரை கைமாறாத தொகை. 1990இல் போலியும் மார்செய் போனார். 1993இல் மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மார்செய்க்குக் கோப்பையைத் தந்த ஒரே கோல் அவர் தலையால் முட்டியது.

வளர்த்து விற்பது, விற்ற பணத்தில் மறுபடி வளர்ப்பது. விவசாய மாவட்டத்துக்குப் புரியாத முறையல்ல இது. அதை நாகரிகமற்றது என்று முகம் சுளித்த விமர்சகர்கள் உண்டு. விற்காமல் வேறெப்படி ஒரு சிறுநகரம் 32 ஆண்டு தாக்குப்பிடித்திருக்கும் என்பதற்கு அவர்களிடம் பதில் இருந்ததில்லை.

ரூவின் கண்காணிப்பு தனி இதிகாசம். ஆட்டக்காரர்களின் காரில் கிலோமீட்டர் முள்ளைக் குறித்துக்கொண்டு, இரவில் எவ்வளவு தூரம் போய்வந்தார்கள் என்று காலையில் பார்ப்பாராம். எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்ப்பாராம். பாரிஸ் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் அவருக்கு ஆள் இருந்தார்கள், நம் பையன் யாராவது தாண்டினானா என்று போன் போட்டுக் கேட்பார் என்றும் சொல்வார்கள். இன்றைக்கு இதை யாரும் பாசம் என்று ஏற்கமாட்டார்கள். தனிமனித உரிமையில் தலையீடு என்றுதான் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்த பையன்களுக்கு அவர் பயிற்சியாளராக மட்டும் இல்லை. கஞ்சத்தனத்தில் அவருக்கு இருந்த புகழ் அவரையே ஒரு கேலிச்சித்திரமாக்கிற்று. தொலைக்காட்சிப் பொம்மலாட்டத்தில் அவருக்கு ஒரு பொம்மை இருந்தது. கிறிஸ்தலின் குடிநீர் விளம்பரத்தில் அவரே சிக்கனக்காரராக நடித்தார். சிரித்தபடியே அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்.

ஆட்டமுறையிலும் இதே குணம்தான். மூன்று முன்கள வீரர்கள், அவர்களில் இருவர் ஓரங்களில் பாயும் விங்கர்கள்; பின்களத்தில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு காப்பது. ஐரோப்பாவின் பெரும்பகுதி இடம்பார்த்துக் காக்கும் முறைக்கு மாறிய பின்பும் ஒசேர் ஆள்பார்த்துக் காப்பதை விடவில்லை. பழைய பாணி என்று கேலிசெய்தார்கள். ஆனால் பதினைந்து வயது அணியிலிருந்து முதல் அணிவரை ஒரே முறையைச் சொல்லிக்கொடுத்தால், மேலே வரும் பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஒருவர் விலைபோனால் அவர் இடத்தில் அடுத்தவரைப் பொருத்திவிடலாம். விற்றுப் பிழைக்கும் கழகத்துக்கு ஏற்ற ஆட்டமுறை அதுவே.

1984இல் முதல் பிரிவில் மூன்றாமிடம் பெற்று, அதே ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் முதன்முறை காலெடுத்து வைத்தார்கள்; லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் அணியிடம் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். அடுத்த ஆண்டு மிலானைச் சொந்த ஊரில் 3-1 என்று வீழ்த்திவிட்டு, அங்கே போய் 3-0 என்று தோற்றார்கள். முதிர்ச்சி வர எட்டாண்டு பிடித்தது. 1992-93 யூயெஃபா கோப்பையில் காலிறுதியில் அயாக்சை வெளியேற்றினார்கள். அரையிறுதியில் போருசியா டார்ட்மண்ட் தன் ஊரில் 2-0 என்று வென்றது; ஒசேர் தன் ஊரில் அதே 2-0 என்று திருப்பிக் கொடுத்தது. பெனால்டிகளில் 6-5 என்று டார்ட்மண்ட் தப்பித்தது. அடுத்த ஆண்டு மொன்பெலியேயை 3-0 என்று வென்று முதல் பிரெஞ்சுக் கோப்பை.

1995-96 சீசன்தான் உச்சம். அந்த ஆண்டு அணியில் பின்களத்தில் லோரான் பிளாங், நைஜீரியாவின் தாரிபோ வெஸ்ட். நடுக்களத்தில் கொராந்தன் மார்த்தின்ஸ், சப்ரி லமுஷி, அல்ஜீரியாவின் மூசா சாயிப். ஓரத்தில் பெர்னார் தியோமேத். முன்னால் லிலியன் லஸ்லாந்து. கோல்கம்பத்தில் லியோனெல் ஷர்போனியே. பிளாங்கைப் போன்ற பெயர்பெற்றவரை வாங்கியது ஒசேரின் வழக்கத்துக்கு மாறானது, ஆனால் அப்போது அவருக்குச் சந்தையில் மவுசு குறைந்திருந்தது. போலந்துக்காரர்களிடம் கற்ற பாடமே வேறு வடிவில். 72 புள்ளிகளோடு, பாரிஸ் சாங் ஜெர்மனை நான்கு புள்ளி பின்தள்ளிச் சாம்பியன் ஆனார்கள். கோப்பை இறுதியில் மூன்றாம் பிரிவிலிருந்த நீம் அணியிடம் முதலில் கோல் வாங்கிவிட்டு, பிளாங், லஸ்லாந்து கோல்களால் 2-1 என்று வென்றார்கள். லீக்கும் கோப்பையும் ஒரே ஆண்டில். இரண்டையும் சேர்த்து வென்ற மிகச்சிறிய நகரங்களில் ஒன்றாக ஒசேர் பெயர்பெற்றது.

கோடையில் பிளாங் பார்சிலோனாவுக்கும் மார்த்தின்ஸ் டெப்போர்த்திவோவுக்கும் போனார்கள். அப்படியும் அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக்கில் அயாக்ஸ், கிராஸ்ஹாப்பர்ஸ், கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் இருந்த குழுவில் ஒசேர் முதலிடம் பெற்றது. காலிறுதியில் மறுபடியும் டார்ட்மண்ட்: அங்கே 1-3, இங்கே 0-1. இரண்டாம் ஆட்டத்தில் லஸ்லாந்து தலைகீழாக எழும்பி அடித்த கோலை நடுவர் செல்லாது என்றார். ஒசேரில் அந்த முடிவை இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. டார்ட்மண்ட் அந்த ஆண்டு கோப்பையை வென்றது. 1998இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது ஷர்போனியே, தியோமேத், அந்தச் சீசனில் 21 கோலடித்து முதலிடம் பெற்ற ஸ்டெஃபான் கிவார்ஷ் ஆகிய மூவரும் ஒசேர் ஆட்டக்காரர்களாகவே அந்த அணியில் இருந்தார்கள்.

இதற்கிடையே 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் தந்த தீர்ப்பு இந்த அமைப்பின் அடித்தளத்தை அரிக்கத் தொடங்கியிருந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தொகை எதுவுமின்றி வேறு கழகத்துக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அயல்நாட்டுக்காரர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை இது விடுதலை. அதுவரை தறியில் கட்டிய மாட்டைப்போல இருந்தவர்களுக்குத் தங்கள் உழைப்பைத் தாங்களே விலைபேசும் உரிமை கிடைத்தது. ஆனால் வளர்த்து விற்றுப் பிழைத்த கழகங்களுக்கு விளைச்சல் வீடுவந்து சேருமா என்பதே கேள்வியாயிற்று.

முதல் சில ஆண்டுகள் இது வெளியே தெரியவில்லை. 2001-02இல் ஜிப்ரில் சிசே 22 கோலடிக்க மூன்றாமிடம். 2002 அக்டோபரில் ஆர்சனலை லண்டனின் ஹைபரி மைதானத்திலேயே, ஒலிவியே கப்போ, கலிலு ஃபதிகா கோல்களால் 2-1 என்று வென்றார்கள். 2003இல் பாரிஸ் சாங் ஜெர்மனை வென்று மூன்றாம் முறை பிரெஞ்சுக் கோப்பை. பிலிப் மெக்ஸேஸ், ழான்-அலன் பும்சோங், கப்போ, சிசே என்று ஒரு தலைமுறை சேர்ந்தாற்போல் பழுத்திருந்தது.

2004 கோடையில் நால்வரும் போனார்கள். போன விதம்தான் முக்கியம். லிவர்பூல் சிசேயைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. இது பழைய முறை. மெக்ஸேஸ் ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே ரோமாவுக்குப் போய்விட்டார். வழக்குப் போட்டு, ஃபிஃபாவின் தீர்ப்பில் 70 லட்சம் யூரோ இழப்பீடு பெற வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்திருந்த கப்போ யுவென்டஸ் போனதில் ஒசேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பும்சோங்கும் அப்படியே ரேஞ்சர்சுக்குப் போனார். ஆறு மாதம் கழித்து ரேஞ்சர்ஸ் அவரை நியூகாசிலுக்கு 80 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஆண்டுக்கணக்காய் உருவாக்கியவருக்குச் சுழியம், அரை சீசன் வைத்திருந்தவருக்கு 80 லட்சம். போஸ்மானுக்குப் பிந்தைய கணக்கு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எழுதப்படவில்லை.

அந்த நால்வரும் இல்லாமலே 2005 ஜூனில் செதான் அணியைக் கடைசி நிமிடக் கோலால் 2-1 என்று வென்று நான்காம் கோப்பையை எடுத்தார்கள். கோலடித்தவர் பொனவென்தூர் கலு. மறுநாள் ரூ விலகினார். 2001இல் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், வயது 66. 2007இல் லான்ஸ் அணிக்குப் போய் நான்கே ஆட்டத்தில் திரும்பியதையும் சேர்த்து, முதல் பிரிவில் மொத்தம் 894 ஆட்டங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார்.

ரூ போனதும் கழகம் சரிந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேதிகள் அதை ஆதரிக்கவில்லை. ஓராண்டு ஜாக் சாந்தினி, பிறகு 2006 முதல் ழான் ஃபெர்னான்டஸ் பொறுப்பில் இருந்தார்கள். 2009-10இல் மூன்றாமிடம் பெற்று, தகுதிச் சுற்றில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் செனித்தை வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்தார்கள். ரியல் மாட்ரிட், மிலான், அயாக்ஸ் இருந்த குழுவில் ஒரே ஒரு வெற்றியோடு கடைசி இடம். ரூ இல்லாமல் ஐந்தாண்டு கழித்து வந்த இந்த இடத்தைச் சரிவு என்று சொல்ல முடியாது. சரிவு அதற்குப் பின்னால் வந்தது. 2009இல் அமெல் நீங்கியபின் நிர்வாகத்துக்குள் பூசல். 2011இல் கோழி வியாபாரத்தில் பேர்பெற்ற, நெடுங்காலத் துணைத்தலைவர் ழெரார் புர்குவேன் தலைவரானார். அதே கோடையில் ஃபெர்னான்டஸ் நான்சிக்கும், போலந்து முன்கள வீரர் இரெனியூஷ் யெலேனும் நடுக்கள வீரர் பெனுவா பெத்ரெத்தியும் லீலுக்கும் போனார்கள். பழைய காலமாக இருந்தால் பயிற்சிப் பள்ளியிலிருந்து மூவர் அந்த இடங்களில் நின்றிருப்பார்கள். இம்முறை நிற்கும்படியான ஆட்கள் இல்லை. 2011-12 முடிவில் இருபது அணிகளில் இருபதாவதாக முடிந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். நாற்பதாண்டு நிலைத்திருந்த தலைமை கலைந்ததும், வளரும் பையன்களிடமிருந்து விளைச்சல் வராமற்போனதும் ஒன்றாகச் சேர்ந்ததே காரணம். பயிற்சியாளர் மாறியதைவிட இவை கனமானவை.

இரண்டாம் பிரிவில் பத்து சீசன்கள். 2013இல் எம்மானுவேல் லிமிதோ என்ற முதலீட்டாளர் கழகத்தின் தொழில்முறைக் கம்பெனியை வாங்கினார். 2016இல் அது சீனாவின் ஓ.ஆர்.ஜி. பேக்கேஜிங் நிறுவனத்திடம் போனது. குளிர்பான டப்பாக்கள் செய்யும் பெரிய நிறுவனம், அதன் அதிபர் ஜேம்ஸ் சோ. பிரெஞ்சுச் சட்டப்படி தொழில்முறை அணியை நடத்தும் கம்பெனி வேறு, 1901 சட்டப்படி பதிவான சங்கம் வேறு. கம்பெனிதான் கைமாறியது. தேஷாம் வாங்கிய நிலம் சங்கத்திடமே இருந்தது. உரிமையாளர் யாராக வந்தாலும் மைதானத்தை விற்று வீடு கட்டிவிட முடியாது என்பது, இங்கிலாந்தில் மைதானத்தை இழந்து தெருவில் நின்ற கழகங்களை அறிந்தவர்களுக்குச் சிறிய ஆறுதல் அல்ல.

இந்தப் பத்தாண்டில் குறிப்பிட வேண்டியது 2015 பிரெஞ்சுக் கோப்பை இறுதி. இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அணி, கத்தார் பணத்தில் திளைத்த பாரிஸ் சாங் ஜெர்மனிடம் எதின்சன் கவானியின் ஒற்றைக் கோலில்தான் தோற்றது. 2022 மே 29 அன்று மேலேறும் வாய்ப்பு வந்தது. முதல் பிரிவு இடத்துக்காகச் செந்த்-எத்தியேனுடன் ஆடிய இரண்டு ஆட்டமும் 1-1 என்று முடிய, பெனால்டிகளில் 5-4 என்று ஒசேர் வென்றது. தோற்ற ஊரின் ரசிகர்கள் களத்தில் இறங்கிப் பட்டாசுகளை வீசியதால், வென்றவர்கள் ஓடி ஒளிய வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த முதல் சீசனில் பதினேழாம் இடம். மற்ற ஆண்டுகளில் அது தப்பிக்கும் இடம். அந்த ஆண்டு லீக்கை இருபது அணிகளிலிருந்து பதினெட்டாகக் குறைத்ததால் நான்கு அணிகள் இறங்க வேண்டியிருந்தது. ஒசேர் நாந்த்திடம் ஒரே ஒரு புள்ளி பின்தங்கி நான்காவதாக இறங்கியது. இறங்கிய அணிகள் முதலில் செய்வது பயிற்சியாளரை அனுப்புவது. ஒசேர் கிறிஸ்தோஃப் பெலிசியேயை அனுப்பவில்லை. 2023-24இல் அவர் தலைமையிலேயே இரண்டாம் பிரிவின் சாம்பியனாகி மேலே வந்தார்கள். 2024-25இல் மார்செயை அவர்கள் ஊரில் 3-1, சொந்த ஊரில் 3-0 என்று இரண்டு முறை வென்று, பாரிஸ் சாங் ஜெர்மனைச் சொந்த மைதானத்தில் கோல் அடிக்கவிடாமல் சமன் செய்து, பதினோராம் இடத்தில் முடித்தார்கள்.